கரும்பச்சை வண்டி காயும்வரை

குழந்தை பிறந்த ஒன்பதாம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, என் கணவர் ஒரு காரை வீட்டுக்குள் கொண்டுவந்து நிறுத்தினார்.

அதில் புதுமை ஒன்றும் இல்லை. பர்மாவில் பசுந்தாங் என்ற பகுதியில், ஓடைப் பக்கம் இறங்கும் ஒரு சந்தில் எங்கள் வீடு. தெருவை ஒட்டிய கீழ்த்தளம். முன்பக்கம் முழுக்க இரும்பு ஷட்டர். அதைத் தூக்கினால் நீளமான ஒரே கூடம். அதுதான் அவருடைய பட்டறை. டிங்கர் வேலையும் பெயின்ட் வேலையும் பார்ப்பார். புது வண்டி வாங்குவது எங்கள் ஊரில் நடக்காத காரியமாக இருந்த காலம். இருபது வயதான ஜப்பான் கார்களைத் திரும்பத் திரும்பத் தட்டி, தேய்த்து, வர்ணம் அடித்து ஓட்டிக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் பின்பாதியில் பலகை அடித்து ஓர் அரைமாடி. நாங்கள் படுப்பதும் துணி மடிப்பதும் சாமி கும்பிடுவதும் அதில்தான். அரைமாடியில் பின்சந்தைப் பார்த்து ஒரு சின்ன மர ஜன்னல். கீழே இறங்க ஏணி மாதிரி செங்குத்தான ஒரு படி. படி முடிகிற இடத்தில் வண்டியின் பின்பக்கம் நிற்கும். என் கல்யாணத்துக்குப் பிறகு அந்த வீட்டில் நான் பார்த்த வண்டிகளின் பின்பக்கங்களை இன்றும் ஒவ்வொன்றாகச் சொல்ல முடியும்.

முதல் பிரசவம் தாய் வீட்டில் பார்ப்பதுதான் வழக்கம். எனக்கு அம்மா இல்லை. இன்சீனில் ரயில்வே குடியிருப்பில் அப்பாவும் அண்ணன் குடும்பமும் ஒரே அறையில் இருந்தார்கள். அதனால் பிள்ளைப்பேறு புகுந்த வீட்டிலேயே என்று ஆயிற்று. என்னைப் பார்த்துக்கொள்ள என் கணவரின் அக்கா வந்தார். அண்ணி என்று கூப்பிடுவேன். மிங்கலா தாங்ஞுன்ட் சந்தைக்குப் பக்கத்தில் தையல் வேலை செய்தவர், எனக்காக மிஷினுக்குத் துணி போர்த்திவிட்டு வந்தார். அதை நான் ஒருபோதும் மறந்ததில்லை. அவரைப் பற்றி இனிச் சொல்லப்போவதை வாசிக்கும்போது நீங்களும் அதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

அண்ணி பெற்ற ஒரே குழந்தை பதினைந்தாம் நாள் இறந்துபோனது. புழுக்கம் தாங்காமல் அவர் ஜன்னலைத் திறந்துவைத்தாராம். அதனால்தான் குழந்தைக்குக் காற்று அடித்துவிட்டது என்று அன்றைக்கு யாரோ சொல்லியிருக்கிறார்கள். இருபது வருஷமாக அவர் அதை நம்பிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டுக்கு வந்த முதல் நாளே அரைமாடி ஜன்னலைச் சாத்தி, கொக்கி போட்டு, சட்டத்தின் இடுக்கில் பழைய லுங்கித் துணியைக் கிழித்துத் திணித்தார். என் காதுகளை மறைத்துத் தலையைச் சுற்றித் துண்டு கட்டினார்.

"பச்சை உடம்புக்காரி. நாப்பது நாள் முடியுறவரைக்கும் இந்தப் படியில கால வைக்கக் கூடாது. ஆத்திர அவசரத்துக்கு மேலேயே சட்டி இருக்கு. புரிஞ்சுதா?"

"சரிங்க அண்ணி."

நான் எல்லாவற்றுக்கும் சரி என்று சொல்லும் பெண். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருஷம் ரசாயனம் படித்துக்கொண்டிருந்தபோது வகுப்புகளை மூடினார்கள். எப்போது திறப்பார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. காத்திருக்கிற காலத்தில் கல்யாணம் பண்ணிக்கொள் என்றார் அப்பா. சரி என்றேன்.

வந்த வண்டி ஓர் அரிசி வியாபாரியுடையது. பர்மாக்காரர். ஒரே வருஷத்தில் மூன்று தடவை இடி வாங்கிய வண்டி. அவர் தம்முடைய சோதிடரிடம் போயிருக்கிறார். நிறத்தை மாற்ற வேண்டும், கரும்பச்சைதான் ஆகும், வர்ணம் அடித்த வண்டி வருகிற வியாழக்கிழமை உச்சிக்கு முன்னால் கிழக்குப் பார்த்துப் பட்டறையை விட்டு வெளியே வர வேண்டும் என்று அந்தச் சோதிடர் சொல்லிவிட்டார். எங்கள் ஊரில் இது சாதாரணம். சோதிடர் சொன்ன நாளைத் தவறவிட்டால் வாடிக்கையாளர் திரும்பி வரமாட்டார். கெட்டது ஏதாவது நடந்தால் அதுவும் பட்டறைக்காரர் தலையில்தான்.

ஆனால் அது அடைமழைக் காலம். மழையில் பெயின்ட் அடிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால், அடித்த வர்ணம் காய்வதற்குள் மேலே வெள்ளையாக ஒரு படலம் படிந்துவிடும். பாலில் துணியை நனைத்துத் துடைத்ததுபோல் இருக்கும். வெளிர் நிறத்தில் தெரியாது. கரும்பச்சையில் அது மட்டும்தான் தெரியும். கம்ப்ரசர் ஓடக் கரன்ட் வேண்டும். அதுவும் முறை வைத்துத்தான் வரும். "மீ லா ப்யீ!" என்று தெருவே கத்தும், கரன்ட் வந்துவிட்டது என்று. உடனே இவர் ஓடிப்போய்ப் பெயின்ட் கன்னைக் கையில் எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை அடித்தார், பால் படிந்தது. தேய்த்து எடுத்துவிட்டுத் திங்கள் காலை மறுபடி அடித்தார். மறுபடி படிந்தது.

"சூடு வேணும்க்கா," என்று அவர் அண்ணியிடம் சொன்னது மேலே எனக்குக் கேட்டது. "இந்தக் கூடம் முழுக்கச் சூடா, காய்ஞ்சு இருக்கணும். இல்லேன்னா இது ஆகாது."

"கரி வையேன்."

"தின்னர் வாடையில நெருப்பா? வீடே போயிரும்."

"அடிக்கும்போது வைக்காத. அடிச்சு, வாடை போனப்புறம் கொண்டுவந்து வை. நானே கேக்கணும்னு இருந்தேன். மேல அவளுக்குச் சூடே பத்தலை. கட்டிலுக்குக் கீழ கரிச்சட்டி வைக்கலாம்னா நீ விடமாட்டேங்குற. கீழ வச்சா சூடு தானா மேல ஏறிட்டுப் போகுது. வண்டிக்கும் ஆச்சு, இவளுக்கும் ஆச்சு."

இருவரும் சிரித்தார்கள். நானும் மேலே படுத்தபடி சிரித்தேன். என்ன கெட்டிக்கார அண்ணி என்று நினைத்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் அப்படித்தான் நினைத்தேன்.

இன்ஜின் எண்ணெய் வருகிற பெரிய டின்களைப் பாதியாக வெட்டி, நான்கு கரியடுப்பு செய்தார். வேலையில் அவர் சுத்தக்காரர். கரியை முதலில் வெளியே தாழ்வாரத்தில் வைத்து மூட்டுவார். புகை முழுக்கப் போய், கங்கு சிவந்து, மேலே சாம்பல் பூத்த பிறகே உள்ளே கொண்டுவருவார். புகை பட்டால் வர்ணம் கறுத்துவிடும் என்பது அவர் கவலை. வண்டியின் நான்கு மூலைக்கும் ஒவ்வொன்று. பிறகு ஷட்டரை இறக்கி, அடியில் சாக்கைச் சுருட்டி வைத்து அடைப்பார், தூசியும் ஈரக்காற்றும் வராமல். கழற்றிய சீட்டுகளையும் பம்பர்களையும் ஏற்கெனவே கூடத்தின் பின்கதவில் சாய்த்து அடுக்கியிருந்தார். ஆக ஒரு பக்கம் ஷட்டர், ஒரு பக்கம் சீட்டுகள், மேலே துணி திணித்த ஜன்னல். சூடு வெளியே போக வழியே இல்லை என்று அவர் பெருமையாகச் சொன்னார்.

திங்கள் பிற்பகலே கூடத்தை உலர்த்த மூட்டிவிட்டார். சூடு நன்றாகவே ஏறியது. பலகை இடுக்குகள் வழியே அது வருவது என் முதுகுக்குத் தெரிந்தது. வேர்த்துக் கொட்டியது. "வேர்க்கட்டும், வேர்க்கட்டும். கெட்ட நீரெல்லாம் இறங்கட்டும்," என்றார் அண்ணி. மிளகும் பூண்டும் போட்ட ரசத்தைக் கொண்டுவந்து, நான் குடித்து முடிக்கும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

செவ்வாய்க்கிழமை வர்ணம் பால் படியாமல் காய்ந்தது. முதல் பூச்சு. அவர் படியில் பாதி ஏறிவந்து, தலையை மட்டும் அரைமாடிக்கு மேல் நீட்டி, "கண்ணாடி மாதிரி இருக்கு! எட்டிப்பாரு," என்றார். நான் எட்டிப் பார்க்க எழுந்தேன். தலை சுற்றியது. திங்கள் மாலையிலிருந்தே தலைவலி. நெற்றியைச் சுற்றிக் கயிறு கட்டி இறுக்கியதுபோல்.

"தலை வலிக்குதுங்க அண்ணி."

"துண்ட இன்னும் இறுக்கிக் கட்டு. காத்து புகுந்திருக்கும்."

குழந்தை தூங்கினாள். அதுவரைக்கும் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை வீறிட்டு அழுதவள், செவ்வாய்க்கிழமை நாலு மணி நேரம், ஐந்து மணி நேரம் தூங்கினாள். மார்பில் வைத்தால் நாலு தடவை சப்பிவிட்டு வாயை விட்டுவிடுவாள். எல்லோருக்கும் சந்தோஷம்.

"சூட்டுக்கு எப்படித் தூங்குது பாத்தியா," என்றார் அண்ணி. "கன்னத்தப் பாரு, என்னா செவப்பு. பொறந்தப்ப உன்ன மாதிரி இருந்துச்சு. இப்ப எங்க வூட்டு நெறம் வந்திருச்சு."

"நம்மப்பா நெறம்க்கா அது," என்றார் கீழிருந்து அவர்.

"நம்மப்பாவா? அவர் அடுப்புக்கரி பக்கத்துல நின்னா எது கரின்னு கேக்கணும். அது நம்மம்மா நெறம்."

அவர்கள் சிரித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அது நினைவுக்கு வந்தது. முழு நினைவு இல்லை. ஒரு வகுப்பு. கரும்பலகை. கரி போதுமான காற்று இல்லாமல் எரிந்தால் வேறொரு வாயு வரும், அதற்கு நிறம் கிடையாது, வாடை கிடையாது, அது ரத்தத்தில் போய் ஒட்டிக்கொண்டால் விடாது. ரத்தம் செக்கச் சிவப்பாகிவிடும் என்று சொன்னாரா? அல்லது அது வேறு ஏதாவது நஞ்சைப் பற்றிச் சொன்னதா? எவ்வளவு நேரம், எவ்வளவு கரி? புகை இல்லாத கங்கிலும் வருமா? வராது என்றுதான் தோன்றியது. கங்கு சிவந்துவிட்டதே. ஊரில் எல்லோரும் கரியில்தான் சமைக்கிறார்கள். ஆனால் எல்லோரும் கதவைத் திறந்துவைத்துத்தான் சமைக்கிறார்கள்.

நோட்டைப் பார்த்தால் தெரிந்துவிடும். இரண்டு வருஷ நோட்டுகளையும் தகரப்பெட்டியில் வைத்திருந்தேன். பிறகு, வைத்திருந்தேன் என்று நினைத்த அந்த நிமிஷத்திலேயே, அவை எங்கே என்பதும் ஞாபகம் வந்தது.

வர்ணம் அடிக்கும்போது கண்ணாடிகளில் பெயின்ட் படாமல் இருக்கக் காகிதம் ஒட்டி மறைப்பார்கள். செய்தித்தாள் கிடைப்பது கஷ்டம். அதற்கு முந்தின மாதம் அவர் கேட்டார், உன் பெட்டியில் உள்ள நோட்டெல்லாம் இனி வேண்டுமா என்று. வலுக்கட்டாயமாகக் கேட்கவில்லை. வேண்டாம் என்றால் விட்டிருப்பார். நான்தான், "எடுத்துக்கங்க, இனி எதுக்கு," என்றேன். அப்படிச் சொன்னதில் எனக்கு ஒரு மாதிரியான திருப்திகூட இருந்தது, நல்ல மனைவி என்று.

பலகை இடுக்கில் முகத்தை வைத்துப் பார்த்தேன். கீழே வண்டியின் பின்கண்ணாடி. அதில் என் கையெழுத்து. நீல மையில் எழுதி, சிவப்பு மையில் அடிக்கோடு போட்ட பக்கங்கள், தலைகீழாகவும் பக்கவாட்டிலும் ஒட்டியிருந்தன. ஓரங்களில் கரும்பச்சை தெறித்திருந்தது. ஒரு பக்கத்தில் ஏதோ அட்டவணை. ஒரு பக்கத்தில் நான் படம் வரைந்த குடுவை. அதற்கு மேல் படிக்க முடியவில்லை. எனக்கு வேண்டிய பக்கம் முன்கண்ணாடியில் இருக்கலாம். அல்லது ஞாயிற்றுக்கிழமையே கிழித்து எறிந்ததில் போயிருக்கலாம்.

"என்னங்க," என்று இடுக்கு வழியாகக் கூப்பிட்டேன். "இந்தக் கரி... காத்து இல்லாம எரிஞ்சா கெட்ட வாயு வரும்னு படிச்சிருக்கேன்."

அவர் அண்ணாந்து பார்த்தார். அவர் முகமும் வேர்த்திருந்தது. "புகையே இல்லையேம்மா. நீயே பாரு."

"புகை இல்லாமயும் வரும்னு..."

"நிச்சயமாத் தெரியுமா?"

அந்தக் கேள்விக்கு நான் உண்மையைச் சொன்னேன். "நிச்சயமாத் தெரியலை."

"நாளை ஒரு நாள். வியாழக்கிழமை வண்டி போயிரும். அப்புறம் கரியே வேணாம், சரியா?"

"சரி," என்றேன்.

புதன்கிழமை காலை எட்டு மணிக்குக் கரன்ட் வந்தது. கடைசிப் பூச்சு. பதினொன்றரைக்கு முடித்தார். வாடை போவதற்குக் கொஞ்ச நேரம் ஷட்டரைத் திறந்துவைத்தார். அந்த நேரத்தில் குழந்தை கண்ணைத் திறந்து கொஞ்சம் பால் குடித்தாள், எனக்கும் தலை தெளிந்ததுபோல் இருந்தது. நான் அதைக் கவனித்தேன். கவனித்துவிட்டு, மனப்பிரமையாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். பன்னிரண்டரைக்கு நான்கு டின்களும் உள்ளே வந்தன, அன்றைக்குக் கரி இரண்டு பங்கு. ஷட்டர் இறங்கியது. அவர் உள்ளே நடமாடினால் தூசி கிளம்பும் என்று எதிரில் இருந்த தேநீர்க்கடைக்குப் போய்விட்டார். அண்ணி படியின் அடியில் முக்காலி போட்டுக் கங்குக்குக் காவல் உட்கார்ந்தார்.

மழை தகரக் கூரைகளில் கொட்டிக்கொண்டிருந்தது. ஒன்றரை மணி அளவில் நான் எழுந்து ஜன்னலருகில் போனேன். திணித்திருந்த துணியை எடுத்து, கொக்கியை நீக்கி, ஒரு விரல் நுழையும் அளவு திறந்தேன். ஈரக் காற்று முகத்தில் பட்டது. அதை விழுங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் நினைத்தேன்: இந்த ஈரம் கீழே இறங்கினால் வர்ணத்தில் பால் படியும். மூன்றாவது தடவை. நாளைக்கு வண்டி போகாது. அதோடு, குழந்தைக்கு உண்மையிலேயே காற்று அடித்துவிட்டால்? நாளைக்குப் பதினைந்தாம் நாள். அண்ணியின் குழந்தை போன நாள். நான் படித்த இரண்டு வருஷத்தை வைத்துக்கொண்டு, பெற்று இழந்த ஒருத்தியைவிட எனக்கு அதிகம் தெரியும் என்று எப்படிச் சொல்வது?

ஜன்னலைச் சாத்தினேன். துணியையும் பழையபடி திணித்தேன். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. என் கையால் மூடினேன்.

எத்தனை நேரம் ஆயிற்று என்று தெரியவில்லை. நான் கண் அசந்திருக்க வேண்டும். விழித்தபோது வாய் கசந்தது, குமட்டியது. குழந்தையைத் தூக்கி மார்பில் வைத்தேன். வாயைத் திறக்கவில்லை. உள்ளங்காலில் சுண்டினேன். மருத்துவமனையில் நர்ஸ் அப்படித்தான் செய்து காட்டியிருந்தாள், உடனே வீறிடும் என்று. கால் விரல் கொஞ்சம் அசைந்தது. அவ்வளவுதான். மறுபடி சுண்டினேன், பலமாக. அழவில்லை. கன்னம் சிவப்பாக, அழகாக இருந்தது.

அதற்குப் பிறகு நான் எதையும் யோசித்ததாக நினைவில்லை. ஜன்னலைத் திறந்திருக்கலாம், பக்கத்திலேயே இருந்தது. ஏன் அதை விட்டுவிட்டுப் படியில் இறங்கினேன் என்று தெரியவில்லை. குழந்தையோடு வீடு வந்து ஏறிய பிறகு அந்தப் படியில் இறங்குவது அதுதான் முதல் தடவை. குழந்தை இடது கையில், வலது கை சுவரில். கால் துவண்டது. பாதிப் படியில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே ஒவ்வொரு படியாக இறங்கினேன்.

கடைசிப் படியில் அண்ணி முக்காலியில் உட்கார்ந்து, சுவரில் தலை சாய்த்திருந்தார். என் கால் அவர் தோளில் பட்டது.

"எங்கடி எறங்குற?" என்றார். குரல் குழறியது. எழுந்து வழியை மறிக்கப் பார்த்தார். தடுமாறி மறுபடி உட்கார்ந்துவிட்டார். தூக்கக் கலக்கம் என்று நினைத்தேன். அவரைத் தாண்டி, வண்டிக்கும் சுவருக்கும் நடுவே ஒருக்களித்துப் போனேன். தலையிலிருந்து அவிழ்ந்து என் தோளில் கிடந்த துண்டு வண்டியின் பக்கவாட்டில் உரசியது. ஈர வர்ணம் அதில் பிசுபிசுவென்று ஒட்டி இழுத்ததும் தெரிந்தது. அப்போதும், ஐயோ வண்டி, என்றுதான் மனசில் ஓடியது.

ஷட்டர் கனம். ஒரு கையால் அசையவில்லை. தட்டினேன். "என்னங்க! என்னங்க!" மழைச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும்? காலால் உதைத்தேன். கூரை இடுக்கிலிருந்து துரு உதிர்ந்து வண்டியின் மேல் விழுந்தது.

அண்ணி பின்னால் வந்து என் தோளைப் பிடித்து இழுத்தார். "பைத்தியமா புடிச்சிருக்கு? பச்சைப் புள்ளையோட மழையிலயா? அந்தப் பாவத்த நான் பட்டது போதாதா? மேல போ! போங்கறேன்ல!"

"அண்ணி, புள்ள அழமாட்டேங்குது."

"தூங்குற புள்ள எதுக்குடி அழணும்?"

குழந்தையைச் சுற்றியிருந்த துணியை விலக்கி, அவளுடைய கையைத் தூக்கி விட்டேன். கை துணிபோல் தொங்கி விழுந்தது.

அண்ணி அந்தக் கையைப் பார்த்தார். ஒரே ஒரு நொடிதான் இருக்கும். அவர் முகத்தில் நான் பார்த்ததை எழுத எனக்குத் தெரியவில்லை. பிறகு குனிந்தார். சாக்கைக் காலால் எத்திவிட்டு, ஷட்டரின் அடியில் இரண்டு கையையும் கொடுத்து, "மாரியாத்தா" என்று சொல்லிக்கொண்டே இடுப்பளவு தூக்கினார். "போ," என்றார்.

குனிந்து வெளியே வந்தேன். மழை நேராகக் குழந்தையின் முகத்தில் அடித்தது. தெருவைத் தாண்டித் தேநீர்க்கடைத் தார்ப்பாய்க்குக் கீழே ஓடினேன், அல்லது நடந்தேன். கடைக்கார பர்மிய அம்மாள் கையிலிருந்த குவளையைப் போட்டுவிட்டு வந்தார். "என்ன தமீ, என்ன?" என்றார், தமீ என்றால் மகளே என்று அர்த்தம். குழந்தையைப் பிடுங்கித் தன் முழங்காலில் குப்புறப் போட்டு முதுகைத் தேய்த்தார், காலைத் தேய்த்தார், முகத்தில் ஊதினார். என் கணவர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து நின்றார். அவர் கண் குழந்தையையும் திறந்த ஷட்டரையும் மாறி மாறிப் பார்த்தது. அதற்காக நான் அவரை வெகுநாள் மன்னிக்கவில்லை. என் மனசும் துண்டு உரசியபோது அப்படித்தான் ஓடியது என்பது பிறகுதான் உறைத்தது.

குழந்தை முதலில் இருமினாள். பிறகு பூனைக்குட்டிபோல் ஒரு சத்தம். பிறகு அழுதாள். கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள்.

அவர் என் பக்கத்தில் வந்து குந்தினார். "உனக்குத் தலைவலி இருந்துச்சுன்னியே, எப்போலேர்ந்து?" என்று கேட்டார்.

"திங்கக்கிழமையிலேர்ந்து."

"எனக்குந்தான்," என்றார். "தின்னர்னு நெனச்சேன்."

எதிரில் அண்ணி ஷட்டருக்கு வெளியே, சாக்கடை ஓரமாக உட்கார்ந்து வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். என் கணவர் போய் அவர் தலையைப் பிடித்தபோது, "ஒண்ணுமில்ல, காலையில தின்ன பழைய சோறு," என்று கையை உதறினார். உள்ளே வண்டியின் கூரையில் மெல்ல வெண்மை பரவிக்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கப் போகவில்லை. என் கணவர் மூக்கில் துணி கட்டிக்கொண்டு போய், நான்கு டின்களையும் ஒவ்வொன்றாக எடுத்து மழையில் கவிழ்த்தார்.

சாயங்காலம் டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையைப் புரட்டிப் பார்த்தார். "கரியாக இருக்கலாம். வெறும் புழுக்கமாகவும் இருக்கலாம். இப்போது நன்றாகத்தானே இருக்கிறாள். காற்றோட்டமாக வையுங்கள்," என்றார். இருக்கலாம் என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் எனக்குக் கொடுத்தார். வீட்டுக்குத் திரும்பும்போது, இது வெறும் புழுக்கம் என்றால் ஒரு வண்டியைக் கெடுத்தவள் ஆகிவிட்டேனே என்று யோசித்துக்கொண்டு வந்தேன்.

மறுநாள் பத்து மணிக்கு அரிசி வியாபாரி வந்தார். என் கணவர் கைகளைக் கட்டிக்கொண்டு, பால் படிந்த வண்டியைக் காட்டி, நடந்ததைச் சொன்னார். வியாபாரி வண்டியைச் சுற்றி வந்தார். பக்கவாட்டில் என் துண்டு இழுத்த தடத்தைத் தடவிப் பார்த்தார்.

"சரி, வெளியே தள்ளுங்கள்," என்றார் பர்மியத்தில்.

"இப்படியேவா ஐயா?"

"கரும்பச்சை அடித்து, உச்சிக்கு முன்னால், கிழக்குப் பார்த்து வெளியே வர வேண்டும். அவ்வளவுதானே சொன்னார். காய்ந்து பளபளவென்று இருக்க வேண்டும் என்று சொல்லவில்லையே."

மூன்று பேர் தள்ளி வண்டியைத் தெருவில் கிழக்கே திருப்பி நிறுத்தினார்கள். கண்ணாடிகளில் என் நோட்டுப் பக்கங்கள் அப்படியே இருந்தன. வியாபாரி பானெட்டில் கொஞ்சம் தண்ணீர் தெளித்து, ஏதோ முணுமுணுத்தார். பிறகு அதே மூன்று பேரும் சேர்ந்து வண்டியைத் திரும்ப உள்ளே தள்ளினார்கள். "மழை விட்டதும் நிதானமாகச் செய்யுங்கள். எனக்கு அவசரம் இல்லை," என்று சொல்லிவிட்டுக் குடையை விரித்துக்கொண்டு போனார். அதை வெள்ளிக்கிழமையே அவரிடம் கேட்டிருக்கலாம். எங்கள் மூன்று பேரில் ஒருவருக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நான் மறுபடி அரைமாடிக்குத்தான் ஏறினேன். வேறு எங்கே போவது? நாற்பது நாளும் முடியும்வரை அங்கேதான் இருந்தேன், கீழே அதே வண்டி. ஜன்னலை இப்போது யாரும் அடைக்கவில்லை. அண்ணி தாமே துணியை உருவி எடுத்தார். ஆனால் அதற்கு எதிரே, குழந்தைக்கும் காற்றுக்கும் நடுவில், தம் முதுகைக் கொடுத்து உட்கார்ந்துகொண்டார். அந்த வாரம் முழுக்க அப்படியே உட்கார்ந்திருந்தார். நாங்கள் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒரே ஒரு தடவை, குழந்தைக்கு எண்ணெய் தடவும்போது, "எங்க வூட்லயும் அப்ப கரிச்சட்டி வச்சிருந்தாங்க," என்றார். "ஜன்னலத் தொறந்தது கடைசி நாள்தான்." நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் குழந்தையின் முழங்காலை நீவிக்கொண்டிருந்தார். நான் ஏதாவது சொல்லியிருக்க வேண்டும். நிச்சயமாகத் தெரியாததால் சொல்லவில்லை.

அன்றிலிருந்து குழந்தையை நான் தூங்க விடவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் சத்தம் இல்லையென்றால் உள்ளங்காலைச் சுண்டுவேன். அழுகையைக் கேட்ட பிறகுதான் வேறு வேலை பார்ப்பேன். "தூங்குற புள்ளைய எழுப்பி அழவிடுற தாயின்னு உன்னத்தான் பாக்குறேன்," என்று என் கணவர் சலித்துக்கொள்வார். சிரித்துச் சமாளிப்பேன். ஒரு வயதில் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தேன். பள்ளிக்குப் போக ஆரம்பித்ததும் நிறுத்திவிடுவேன் என்று நினைத்தேன்.

இப்போது அவளுக்குப் பத்து வயது. பல்கலைக்கழகத்தைத் திறந்து வருஷங்கள் ஆகிவிட்டன. நான் திரும்பப் போகவில்லை. தமிழ் அவளுக்குப் புரியும், பேசுவது பர்மியம்தான். போன ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். மழை பெய்துகொண்டிருந்தது. நான் பூனைபோல் நடந்துபோய்ப் பாயின் ஓரத்தில் உட்கார்ந்து, அவள் காலை எடுத்து, மெதுவாகத்தான், ஒரே ஒரு சுண்டு.

கண்ணைத் திறக்காமலே பர்மியத்தில் சொன்னாள்: "உயிரோடதான் இருக்கேன் அம்மா. போங்க."

போனேன். தண்ணீர் குடித்தேன். காய்ந்த துணிகளை மடித்தேன். பிறகு திரும்பி வந்து, அவள் பார்க்காத பக்கமாக உட்கார்ந்துகொண்டேன்.